பம்பர் குழியை நிரப்பினால் மழைச்சாலை தெரிந்துவிடாது

கிள்ளான் பள்ளத்தாக்கில் பிக்கப் வைத்திருப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை யாரும் கேள்வி கேட்காமலே நிலைத்துவிட்டது. பல பிக்கப்களின் விலை குறைந்த ரகத்தில் முன்பம்பரின் இரு ஓரத்திலும் ஃபாக் லேம்புக்கான குழி இருக்கும், விளக்கு இருக்காது. கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று அதை அடைத்திருக்கும். அந்த மூடியைக் கழற்றிவிட்டு, விலை கூடிய ரகத்தில் வருவதைப் போலவே இரண்டு விளக்குகளை வாங்கிப் பொருத்தி, ரிலேயும் ஸ்விட்சும் போட்டுவிட்டால் மழையில் சாலை நன்றாகத் தெரியும், பாதுகாப்பு கூடும், கம்பெனி பொருத்தியது போலவே இருப்பதால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் தொல்லையும் வராது என்பதுதான் அந்த நம்பிக்கை. கூரைமேல் எல்இடி பார் வைத்து எதிரே வருகிறவர் கண்ணைக் கூச வைப்பவர்களைத் திட்டுகிறவர்கள்கூட இதைப் பொறுப்பான செயலாகவே கருதுகிறார்கள். சில நூறு ரிங்கிட்டில் முடிகிற அடக்கமான, அழகான மாற்றம் என்ற நல்ல பெயர் அதற்கு உண்டு. அந்த நல்ல பெயருக்கு அது தகுதியானதல்ல. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரையிலான சாலைகளில் பிக்கப் ஓட்டுநருக்கு இருக்கும் ஆபத்தை இந்த விளக்கு குறைப்பதில்லை. அதே சாலையில் இரண்டு சக்கரத்தில் வருகிறவரின் ஆபத்தை அது கூட்டுகிறது.

முதலில் நம் வானத்தைப் பார்க்க வேண்டும். ஃபாக் லேம்ப், தரையோடு ஒட்டிக் கிடக்கும் அடர்ந்த மூடுபனிக்காக உருவான கருவி. அப்படிப்பட்ட பனியில் முகப்பு விளக்கின் ஒளி நுண்ணிய நீர்த்துளிகளில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பிவந்து வெள்ளைத் திரையாக நிற்கும். விளக்கைக் கண்மட்டத்திலிருந்து முடிந்தவரை தாழ்த்தி, ஒளி மேலே எழாமல் வெட்டி, பக்கவாட்டில் அகலமாக விரித்தால் அந்தத் திரை ஓரளவு விலகும். சாலையோரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊர்ந்து போகலாம். அதன் வேலை அவ்வளவுதான். நம் பள்ளத்தாக்கின் சமவெளியில் பார்வையை மறைப்பது மூடுபனி அல்ல, கொட்டும் மழை. ஆண்டுக்குச் சுமார் 2500 மில்லிமீட்டர் மழை பெய்யும் பகுதி இது. ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் கறுத்து, வேலை முடிந்து எல்லாரும் சாலையில் இறங்கும் நேரத்தில் கொட்டித் தீர்க்கும். உலகில் இடியோசை அதிகம் கேட்கும் இடங்களில் சுபாங்கும் ஒன்று. இந்த மழையில் பார்வை கெடும் காரணங்கள் வேறு. கண்ணாடியில் வழியும் நீரை வைப்பரால் தள்ள முடிவதில்லை. முன்னே போகும் வண்டிகளின் டயர் கிளப்பும் நீர்ப்புகை எழுகிறது. போர்ட் கிள்ளானிலிருந்து கொள்கலன் ஏற்றிவரும் லோரி ஒன்றின் பின்னால் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நீர்ப்புகை தரைமட்டத்தில்தான் மிக அடர்த்தியாக இருக்கிறது. ஃபாக் லேம்ப் இருக்கும் உயரமும் அதுவே. மூடுபனியில் தாழ்வான இடம் எந்த நன்மையைத் தந்ததோ, டயர் தெளிப்பில் அதே தாழ்வு அந்த நன்மையைப் பறித்துவிடுகிறது.

மஞ்சள் ஒளி மழையைத் துளைக்கும் என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மூடுபனித் துளியே பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு பெரியது. மழைத்துளியோ மில்லிமீட்டர் கணக்கில் இருப்பது. இவ்வளவு பெரிய துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரேபோலத்தான் சிதறடிக்கும். நீலம் கலந்த வெள்ளையைவிட மஞ்சள் கண்ணுக்கு உறுத்தல் குறைவு என்பது உண்மை. ஆனால் கண்ணுக்கு இதமாக இருப்பதும் தொலைவு தெரிவதும் வெவ்வேறு. பிரான்சு 1930களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை எல்லாக் கார்களுக்கும் மஞ்சள் முகப்பு விளக்கைக் கட்டாயமாக வைத்திருந்து, பிறகு அதைக் கைவிட்டது.

சரி, மழையில் கொஞ்சமாவது கூடுதலாகத் தெரியாதா என்றால், எங்கே தெரிகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்கின் மேல்விளிம்பு ஒளி 2 விழுக்காடு கீழ்நோக்கி இறங்கினால் 30 மீட்டரில் அது சாலையைத் தொட்டுவிடும். அதற்கு அப்பால் அந்த விளக்கு சாலையில் எதையும் காட்டாது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்று எடுத்தாலும் 37 மீட்டர் போய்விட்டது. ஈரச்சாலையில் நல்ல டயர் பிடித்து நிற்க இன்னும் 60 மீட்டருக்கு மேல் வேண்டும். மொத்தம் 100 மீட்டர். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், 30 மீட்டருக்குள் நிற்க வேண்டுமானால் வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. கூட்டரசு நெடுஞ்சாலையிலோ என்கேவிஇயிலோ மழை பெய்கிறது என்பதற்காக 40இல் போகிற பிக்கப் எத்தனை? அந்த வேகத்தில் போகிறவருக்கு ஃபாக் லேம்ப் ஓரளவு உதவும். ஆனால் அந்த வேகத்தில் சாதாரணமாகத் தாழ்த்திய முகப்பு விளக்கே போதும்.

ஓட்டுநர்கள் பொய் சொல்லவில்லை. விளக்கைப் போட்டதும் வண்டிக்கு முன்னால் தரை பளிச்சென்று தெரிவது உண்மைதான். சிக்கலே அந்தப் பளிச்சில்தான் இருக்கிறது. அருகில் உள்ள தரை வெளிச்சமானால் கண் அந்த வெளிச்சத்துக்கே பழகிக்கொள்கிறது, பார்வையும் அங்கேயே இழுபடுகிறது. தொலைவில் மங்கலாக நிற்கும் ஒன்றைக் கண்டுபிடிக்கும் திறன் குறைகிறது. நன்றாகத் தெரிகிறது என்ற உணர்வு கூடும்போது கால் ஆக்சிலேட்டரை அழுத்துகிறது. ஃபின்லாந்தில் வேலி-பெக்கா கால்பெர்க் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. சாலையோரத்தில் ஒளியை எதிரொளிக்கும் கம்பங்களை நட்டால் இருளில் பாதை தெரியும், விபத்து குறையும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். தரம் குறைந்த, 80 கிலோமீட்டர் வேக வரம்புள்ள சாலைகளில் நடந்தது வேறு. இரவில் ஓட்டுநர்கள் வேகத்தைக் கூட்டினார்கள், இரவு விபத்துகளும் கூடின. வளைவின் விளிம்பைத் தொலைவிலிருந்தே காட்டிய கம்பத்துக்கே இந்தக் கதி என்றால், 30 மீட்டர் தரையை மட்டும் காட்டும் விளக்கு தரும் துணிச்சல் எங்கே கொண்டுபோய் நிறுத்தும்?

மழைநீர் தேங்கிய தார்ச்சாலைக்கு இன்னொரு குணம் உண்டு. காய்ந்த சாலையின் சொரசொரப்பு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் அதில் ஒரு பங்கு ஓட்டுநருக்கே திரும்பி வரும். அந்தச் சொரசொரப்பை நீர் மூடிவிட்டால் சாலை கண்ணாடியாகிறது. விளக்கின் ஒளி முன்னோக்கிச் சறுக்கி எதிரே வருகிறவரின் முகத்துக்குப் போகிறது. மழையிரவில் நம் சாலைக்கோடுகள் காணாமல் போவதற்குக் காரணம் வெளிச்சக் குறைவு அல்ல, போட்ட வெளிச்சம் நம்மிடம் திரும்பாததுதான். அருகில் உள்ள ஈரத்தரையில் இன்னும் இரண்டு விளக்குகளைப் பாய்ச்சினால் நமக்குக் கிடைப்பது சொற்பம், எதிரே இருப்பவருக்குப் போவது மிகுதி. குழிகள் தெரியும் என்பார்கள். நீர் நிரம்பிய குழி எந்த வெளிச்சத்திலும் மற்ற நீரைப் போலவேதான் தெரியும்.

எதிரே இருப்பவர் யார் என்பதே இந்த விவாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. பெருந்தொற்றுக்கால முடக்க ஆண்டுகளை விட்டுவிட்டால், மலேசியச் சாலைகளில் ஆண்டுதோறும் 6000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். அவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கும் அதிகமானவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிறவர்கள், உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள், பாதுகாவலர் வேலை முடிந்து நள்ளிரவில் வீடு திரும்புகிறவர்கள் என்று நம் சமூகத்தில் அந்தக் கூட்டம் பெரியது. கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிளை ஓட்டுகிறவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். பழைய ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற வண்டியில் எஞ்சின் வேகம் இறங்கினால் விளக்கும் மங்கும். ஹெல்மெட் கண்ணாடிக்கு வைப்பர் கிடையாது. அதில் நிற்கும் ஒவ்வொரு துளியும் எதிர்வரும் ஒளியை வாங்கிச் சிதறடிக்கிறது. காரில் இருப்பவருக்கு வெறும் கூச்சமாக இருப்பது அவருக்கு ஓரிரு நொடி முழுக் குருடாகிவிடும். கிள்ளானிலிருந்து காப்பார் வழியாகக் கோல சிலாங்கூருக்கும், மறுபக்கம் பந்திங்குக்கும் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில், நடுவே தடுப்பில்லாத இடங்களில் அந்த நொடி போதும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். மலேசியாவே வெளிச்சத்தால் உயிர் காத்த நாடல்லவா என்று கேட்கலாம். உண்மை. 1992 செப்டம்பரிலிருந்து பகலிலும் மோட்டார் சைக்கிள்கள் முகப்பு விளக்கை எரிய விட வேண்டும் என்று விதித்தார்கள். அதன் பலனை ராடின் உமாரும் உடன் ஆய்வாளர்களும் சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் ஆராய்ந்து, கண்ணில் படாததால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்ததாகக் கண்டார்கள். பெருமைப்பட வேண்டிய முடிவு அது. ஆனால் அது எதை நிரூபித்தது? சிறிய வண்டி, கண்ணில் படாத வண்டி, ஒரு விளக்கால் கண்ணில் பட்டது. இரண்டு டன்னுக்கு நெருங்கிய எடையும் ஆளுயரத்துக்கு மேற்பட்ட உயரமும் கொண்ட பிக்கப் கண்ணில் படாமல் போவது யாருடைய பிரச்சினையும் அல்ல. அதன் முகத்தில் நான்கு விளக்குகள் எரியும்போது பக்கத்திலோ பின்னாலோ வரும் கப்சாயின் ஒற்றை விளக்கு அந்த ஒளிவெள்ளத்தில் மறைந்துவிடுகிறது. சந்திப்பில் திரும்பக் காத்திருப்பவர் பிக்கப்பைப் பார்க்கிறார், அது கடந்ததும் திரும்புகிறார். 1992இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்த அந்தச் சிறு வேறுபாட்டை நாமே அழித்துக்கொண்டிருக்கிறோம். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்கென்று தனித்தடம் போட்ட நாடு இது. உலகிலேயே முதலாவதாகப் பேசப்படும் தடம். தடம் பிரித்துக் கொடுத்துவிட்டு, அகலமாக விரியும் ஒளியால் அதில் போகிறவரின் பக்கக் கண்ணாடியை நிரப்புவது என்ன நீதி?

பொருத்துகிறவர்களின் வலுவான வாதம் இதற்குப் பிறகுதான் வரும். நாங்கள் எல்இடி பார் வைக்கவில்லை. கம்பெனி மாதிரி விளக்கு, மேல்விளிம்பு வெட்டிய ஒளி, அது யார் கண்ணிலும் படாது என்பார்கள். ஒரு விளக்கு கம்பெனி விளக்காவது அதன் தோற்றத்தால் அல்ல, எந்தப் பல்பு, எந்தக் கோணம், எந்த இணைப்பு என்பதால். ஐநாவின் ஒழுங்குவிதி 48 இவற்றையெல்லாம் விரிவாக வரையறுக்கிறது. மலேசியா அந்த விதிகளுக்கு அடிப்படையான 1958ஆம் ஆண்டு உடன்பாட்டில் 2006இல் சேர்ந்தது. கார், பிக்கப் வகைகளுக்கு விளக்கு தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் கீழும் 80 சென்டிமீட்டருக்கு மேலும் இருக்கக்கூடாது. வெள்ளையோ மஞ்சளோ மட்டும்தான். முகப்பு விளக்கிலிருந்து தனியாக அணைக்க முடிய வேண்டும், எரிகிறது என்று ஓட்டுநருக்குக் காட்ட வேண்டும். கீழ்நோக்கிய சாய்வுக்கும் எல்லை உண்டு. கடையில் வாங்கிப் பொருத்தும் விளக்கில் இவற்றை அளந்து சரிபார்ப்பவர் யார்? வளைந்த பிளாஸ்டிக் பம்பரில் இரண்டு திருகில் நிற்கும் விளக்கின் ஒளியைச் சுவரில் பாய்ச்சிக் கோணம் பார்க்கும் கடைகளும் இருக்கக்கூடும். வயரிங் முடிந்ததும் எரிகிறதா என்று மட்டும் பார்த்து அனுப்புவதே வழக்கம். போதாக்குறைக்கு, ஹேலஜன் பல்புக்காக வடித்த கிண்ணத்தில் எல்இடி பல்பைச் செருகுகிறார்கள். ஒளி பிறக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலே அந்த வெட்டுவிளிம்பு கலைந்துபோகும்.

இவையெல்லாம் சரியாகவே செய்யப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பிக்கப் என்பது கார் அல்ல, பின்னால் சுமை ஏற்றும் வண்டி. டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் இரண்டு அச்சுக்கும் இடையே 3085 மில்லிமீட்டர். சிமெண்டோ காய்கறியோ ஏற்றிப் பின்பக்கம் 6 சென்டிமீட்டர் அமுங்கினால் வண்டியின் மூக்கு ஏறக்குறைய 2 விழுக்காடு நிமிர்கிறது. 1 விழுக்காடு கீழ்நோக்கி வைத்த ஒளி இப்போது ஏறக்குறைய 1 விழுக்காடு மேல்நோக்கிப் போகும். 60 சென்டிமீட்டர் உயரத்தில் கிளம்பியது, 60 மீட்டர் தொலைவில் ஒரு மீட்டருக்கும் மேலே இருக்கும். மைவி, சாகா போன்ற சிறிய காரில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டம் அது. முகப்பு விளக்கைச் சுமைக்கேற்பத் தாழ்த்தப் பல வண்டிகளில் டேஷ்போர்டில் ஒரு திருகு இருக்கிறது. கடையில் பொருத்திய ஃபாக் லேம்புக்கு அப்படி எதுவும் இல்லை. தாழ்த்திய முகப்பு விளக்கு இடப்பக்கம் உயர்ந்தும், எதிர்வண்டி வரும் வலப்பக்கம் தாழ்ந்தும் இருக்கும்படி வெட்டப்பட்டிருக்கும். ஃபாக் லேம்பின் விளிம்போ இரு பக்கமும் ஒரே மட்டம். எதிரே வருகிறவருக்கென்று அதில் சலுகை கிடையாது.

கம்பெனியே விலை கூடிய ரகத்தில் தருகிறதே, தேவையில்லாததையா தரும் என்று கேட்பவர்களுக்கு அதே ஒழுங்குவிதி 48 பதில் சொல்கிறது. அதில் முன்பக்க ஃபாக் லேம்ப் விருப்பத்துக்குரியது, பின்பக்க ஃபாக் லேம்ப் கட்டாயம். பார்வை கெட்ட நேரத்தில் முன்னால் கொஞ்சம் கூடுதலாகப் பார்ப்பதைவிடப் பின்னால் வருகிறவருக்குத் தெரிவதே உயிர் காக்கும் என்று விதி எழுதியவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். பம்பரில் காலியாக விடப்பட்ட குழி பாதுகாப்புக் குறைபாடு அல்ல, ரகத்துக்கு ரகம் விலையைப் பிரிக்கும் வழி. நல்ல எல்இடி முகப்பு விளக்கு வந்தபின் முன்பக்க ஃபாக் லேம்பையே நீக்கிவிட்ட கார்களும் இப்போது வருகின்றன. பனிக்கும் பனிப்பொழிவுக்கும் பழகிய நாடுகளே இந்த விளக்கைக் கண்டபடி எரிய விடுவதில்லை. ஜெர்மனியில் பனி, பனிப்பொழிவு, மழை ஆகியவை பார்வையைக் கடுமையாகக் கெடுத்தால் மட்டுமே போடலாம். பிரிட்டனில் பார்வைத்தொலைவு பொதுவாக 100 மீட்டருக்கும் கீழே போனால்தான். இங்கே பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையில், தெருவிளக்கும் கடைவிளக்கும் பகல்போல் எரியும் இடத்தில், வானம் தெளிந்திருக்கும் மாலையிலும் அவை எரிந்துகொண்டு போகின்றன. வெள்ளைக்கோல் பிடித்தவர்களும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாலை கடப்பவர்களும் நிறைந்த அந்தத் தெருவில் அந்த ஒளிக்கு வேலையே இல்லை.

புகைமூட்டத்தைச் சொல்வார்கள். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் காற்றின் மாசுக்குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டதை இந்தப் பகுதி மறக்காது. புகைத்துகள் மூடுபனித் துளியைவிட மிகச் சிறியது. நீலத்தை அதிகம் சிதறடிக்கும். எனவே அங்கே மஞ்சளுக்கு ஓரளவு அறிவியல் ஆதாரம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புகைமூட்டத்தில் மறைவது சில நூறு மீட்டருக்கு அப்பால் உள்ளவை. 30 மீட்டரை எட்டும் விளக்கு அந்தக் குறையைத் தொடவே தொடாது. கேமரன் மலை வாதம் இதைவிட உண்மையானது. விடியுமுன் காய்கறி ஏற்றிக்கொண்டு தாப்பாவுக்கோ சிம்பாங் பூலாய்க்கோ இறங்கி, செலாயாங் மொத்தச் சந்தைக்கு வரும் பிக்கப்புக்கு மலைப்பாதையில் உண்மையான மூடுபனி காத்திருக்கிறது. அங்கே வேகமும் 40க்குக் கீழேதான். அந்த ஓட்டுநர் முறையாகப் பொருத்திய, தனி ஸ்விட்ச் உள்ள ஃபாக் லேம்ப் வைத்திருப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. சமவெளிக்கு வந்ததும் அவர் அணைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கெந்திங்குக்குப் போகிறவர் அவருடைய தேவையைக் கடன் வாங்கிக்கொள்ளக்கூடாது.

மழையில் தெரியவில்லை என்ற குறை மட்டும் பொய்யல்ல. அதற்கு மருந்து வேறிடத்தில் இருக்கிறது. நம் வெயில் முகப்பு விளக்கின் பாலிகார்பனேட் மூடியை ஐந்தாறு ஆண்டில் மஞ்சளாக்கி மங்கச் செய்துவிடும். அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏஏஏ 2018இல் சோதித்தபோது, அப்படிப் பழுதுபட்ட விளக்குகள் புதிய விளக்கு தரும் ஒளியில் 22 விழுக்காட்டை மட்டுமே தந்தன. ஐந்தில் நான்கு பங்கு ஒளியை இழந்த விளக்கை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே இரண்டு புதிய விளக்குகளை மாட்டுவது வீண் செலவு. அந்த மூடியைத் தேய்த்துத் துலக்க அல்லது மாற்ற, முகப்பு விளக்கின் கோணத்தைச் சோதனை நிலையத்தில் கருவி வைத்துச் சரிபார்க்க, வைப்பர் ரப்பரை ஆண்டுக்கொருமுறை மாற்ற, கண்ணாடியில் படிந்த எண்ணெய்ப் படலத்தை நீக்க, தேய்ந்த டயரைக் கழற்ற அதே சில நூறு ரிங்கிட்டில் பெரும்பங்கு போதும். டயர் மட்டும் கூடுதலாகக் கேட்கும். இவற்றில் ஒவ்வொன்றும் அந்த 100 மீட்டரைக் காட்டவோ குறைக்கவோ செய்கிறது.

ஏற்கனவே பொருத்திவிட்டவர்கள் கழற்றி எறிய வேண்டும் என்பதல்ல. எல்இடி பல்பை எடுத்துவிட்டு, விளக்குக்கு விதிக்கப்பட்ட ஹேலஜன் பல்பையே போடுங்கள். வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றிவைத்து, 10 மீட்டர் தள்ளிச் சுவருக்கு நேரே நிறுத்தி, ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிட 20 சென்டிமீட்டராவது கீழே விழுமாறு திருகுங்கள். ஆனால் சுமை இறங்கியதும் அதே விளக்கு 4 விழுக்காடு சாய்ந்து, வண்டிக்கு முன்னால் 15 மீட்டரிலேயே தரையில் முட்டி நிற்கும். ஒழுங்குவிதி அனுமதிக்கும் சாய்வையும் அது தாண்டிவிட்டிருக்கும். சுமையோடு சரியாக வைத்தால் சுமையில்லாதபோது பயன் இல்லை. சுமையில்லாமல் சரியாக வைத்தால் சுமையேறும்போது பிறர் கண்ணில் அடிக்கும். இரண்டு நிலைக்கும் பொருந்தும் ஒரு கோணம் சுமை ஏற்றும் பிக்கப்புக்குக் கிடையாது.